படலைக்கும் வீட்டுக்கும் இடையில் 40 மீற்றர்

கோண்டாவிலில் மாமா வீட்டுத் தானியங்கிப் படலை, பூட்டிய முதல் மாதமே பாதி வழியில் நிற்கத் தொடங்கியது. றிமோட்டை அழுத்தினால் மோட்டார் உறுமும். படலை ஒரு முழம் நகரும். பிறகு எதிலோ முட்டியதுபோல நின்று பின்வாங்கும். வந்து பார்த்தவர்கள் மோட்டாரைக் குறை சொன்னார்கள். கட்டுப்பாட்டுப் பலகையையும் ஒரு தடவை மாற்றினார்கள்.

230 வோல்ற்றை 24 ஆக்கும் மின்மாற்றி வீட்டு விறாந்தையில் இருந்தது. அங்கிருந்து வளவின் ஓரமாக 40 மீற்றர் தூரம் 24 வோல்ற்று மின்சாரத்தைச் சாதாரண 7/0.50 வயரில் கொண்டுபோயிருந்தார்கள். படலையடியில் மல்ரிமீற்றரைப் பிடித்துக்கொண்டு மாமாவை றிமோட்டை அழுத்தச் சொன்னேன். 24 என்று நின்ற எண், மோட்டார் கிளம்பிய கணத்தில் 16க்கு இறங்கியது. படலை முட்டியது எதிலுமல்ல. வோல்ற்று விழுந்து மோட்டார் திணறியதைத்தான் பலகை தடையாக எடுத்துக்கொண்டது.

7/0.50 என்றால் அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு செப்பு இழைகள். கடையில் இதை ஒன்றரை, அதாவது ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர், என்பார்கள். இதில் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.012 ஓம் தடை உண்டு. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 40 மீற்றரை 80 ஆகவே கணக்கிட வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஆகவே மொத்தத் தடை ஒரு ஓம் அளவு. கிளம்பும்போது மோட்டார் 8 அம்பியர் இழுத்தால் 8 வோல்ற்று வழியிலேயே போய்விடும். 8 அம்பியரை அந்த வயர் சூடேறாமல் தாங்கும் என்பது உண்மை; ஆனால் தாங்குவது வேறு, வோல்ற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு.

தடித்த வயரான 7/1.04 போட்டிருந்தால் இழப்பு 2 வோல்ற்றாகக் குறைந்திருக்கும். ஆனால் அந்தச் செப்பின் விலையை நினைத்தால், 230 வோல்ற்றையே படலைவரை கொண்டுபோய், மின்மாற்றியை அங்கே நீர் புகாத பெட்டிக்குள் வைப்பதுதான் சரியென்று எனக்குப் பட்டது. அதே வேலைக்கு 230 வோல்ற்றில் ஏறத்தாழ ஒரு அம்பியர் போதும், 7/0.67 வயரில் வழியில் இழப்பது ஒரு வோல்ற்றுகூட இல்லை. ஆனால் 24 வோல்ற்றில் பொறுத்துக்கொண்ட அசட்டைகள் 230இல் உயிரைப் பறிக்கும். எர்த் வயர் கட்டாயம். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சு கட்டாயம். நிலத்துக்கடியில் போகும் கேபிள் கவசமுள்ளதாக இருக்க வேண்டும். இணைப்பை ஓர் எலெக்ட்ரீசியனே செய்தார்.

கிடங்கு வெட்டும்போது ஒன்றரை அடியிலேயே சுண்ணாம்புக்கல் தட்டியது. அலவாங்கால் உடைத்தே இறக்கினோம். பழைய வயரை இழுத்தபோது நடுவழியில் ஒரு முறுக்கு இணைப்பு வந்தது. சுற்றியிருந்த ரேப்பை உரித்தால், ஐப்பசி மழை ஊறிச் செப்பு பச்சை பூத்து, இழைகளில் இரண்டு இற்றுப்போயிருந்தன. புதிய கேபிளை இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக எடுத்தோம்.

படலையின் குறுக்கே யாரும் நின்றால் உணரும் ஒளிக்கண்ணுக்கும் அழைப்புப் பொத்தானுக்கும் மெல்லிய வயர் போதும். ஆனால் அவற்றை 230 வோல்ற்றுக் கேபிளோடு ஒரே குழாய்க்குள் விடக்கூடாது என்பதால் தனிக் குழாய் போட்டோம். இப்போது படலை கிளம்பும்போது மல்ரிமீற்றர் 23க்குக் கீழே இறங்குவதில்லை.