உரமூட்டைக்குப் பக்கத்தில் ஸ்பேனரை வைக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட், பீடோர், கோல கெட்டில் மாதிரியான ஊர்களில் வீட்டுக் கைக்கருவி தேய்ந்து கெடுவது அபூர்வம். துருப்பிடித்துத்தான் கெடுகிறது. எந்த செட் வாங்கலாம், எந்த பிராண்ட் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்கே வைக்கப் போறீங்க?" அதற்குப் பதில் கிடைக்காமல் நல்ல சாமான் வாங்குவது காசைக் கரைக்கிற வேலை.

இரும்பு துருப்பிடிக்க மழையில் நனைய வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும். நம் நாட்டில் மாதச் சராசரி ஈரப்பதமே 70 முதல் 90 விழுக்காடு. இரவில் இன்னும் கூடும். விடியும்போது சிமெண்டுத் தரையும் கனமான இரும்பும் குளிர்ந்து கிடக்கும். வெயில் ஏற ஏற, புல்லிலும் மண்ணிலும் இருக்கும் ஈரம் ஆவியாகிக் காற்றில் சேரும். அந்தக் காற்று குளிர்ந்த இரும்பில் பட்டதும் வியர்க்கும். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைவிட சாமானைக் கவ்விப் பிடிக்கும் வைஸும் சுத்தியல் தலையும் அரை இஞ்ச் சாக்கெட்டுகளும் முதலில் சிவப்பாவது இதனால்தான். கனமான இரும்பு சூடேற நேரம் பிடிக்கும், அதுவரை வியர்த்துக்கொண்டே இருக்கும். தகரக் கூரை போட்ட போர்ச்சில் இன்னொரு தொல்லை: இரவில் தகரம் காற்றைவிடக் குளிர்ந்து, அதன் அடிப்பக்கத்தில் நீர் கோர்த்துச் சொட்டும். மழையே பெய்யாத நாளில் டூல்பாக்ஸ் மூடி நனைந்திருந்தால் ஒழுகல் எங்கே என்று ஏணி போட்டுத் தேடாதீர்கள்.

இதெல்லாம் மலேசியா முழுக்க உள்ள கதை. தோட்டப்புறத்துக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. நாலு செம்பனை (எண்ணெய்ப்பனை) மரம், கொஞ்சம் பால்மரம் (ரப்பர்), வீட்டுக்குப் பின்னால் ஒரு காய்கறிப் பாத்தி வைத்திருக்கும் வீடுகளில் உரமூட்டை, ரப்பர் பால் உறைய வைக்கும் அசிட், புல் மெஷின், பழைய பேட்டரி எல்லாம் அதே போர்ச்சில்தான் கிடக்கும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு வகை உப்பு. ஈரப்பதம் 84 விழுக்காட்டை ஒட்டி வந்ததும் அது தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். பல உரம் கலந்திருந்தால் அதற்கும் முன்பே கரையும். மூட்டையைப் பிரிக்கும்போது பறக்கும் தூசி ஸ்பேனர் மேல் படிந்தால், ஒவ்வோர் இரவும் அந்த ஸ்பேனர் உப்புத் தண்ணீரில் குளிக்கிறது என்று பொருள். குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் குளோரைடு உள்ளே புகுந்துவிடும். மேலே பளபளப்பு இருக்கும்போதே சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் கிளம்பினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அசிட் இன்னும் மோசம். பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தின் ஆவி, மூடி இறுக்கமில்லாத கேனிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும். மூடிய ஸ்டோர் ரூமில் ஒரு கேன் போதும், எல்லா இரும்பும் சிவக்கும். கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அப்படியே. பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா இரும்பைவிட பித்தளையைத்தான் குறி வைக்கும்: பித்தளைப் பூட்டும் பைப் மூட்டுகளும் வெடித்துப் போகும். ஆகவே முதல் வேலை, உரமும் அசிட்டும் பேட்டரி சார்ஜரும் வீட்டின் வேறொரு பக்கம் போகட்டும். தனியாக ஒரு கொட்டகை, காற்றோட்டமாக. அதற்கு வழியில்லையென்றால் கருவிகள் வீட்டுக்குள் போகட்டும்.

இனி வாங்கும் விஷயம். இருநூறு பீஸ் செட் வேண்டவே வேண்டாம். அதில் பாதி பிட்டுகள், கால்வாசி நமக்கு என்றுமே தேவைப்படாத இஞ்ச் அளவுகள். ஜப்பானிய மோட்டார் சைக்கிள், உள்நாட்டுக் கார், வீட்டுச் சாமான் மூன்றுக்கும் 8, 10, 12, 13, 14, 17, 19 மி.மீ. காம்பினேஷன் ஸ்பேனர் (ஒரு முனை திறந்தது, மறுமுனை வளையம்) போதும். 10, 12 இரண்டிலும் இன்னொன்று கூடுதலாக வாங்குங்கள். போல்டை ஒன்று பிடிக்க, நட்டை இன்னொன்று திருப்ப வேண்டும். சாக்கெட் செட்டில் முதலில், கைப்பிடி மாட்டும் சதுரத் துளை 3/8 இஞ்ச் உள்ளது. அறுமுனை சாக்கெட் எடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த போல்டின் மூலையைச் சீவிவிடும், இந்த ஊரில் துருப்பிடிக்காத போல்ட் எங்கே இருக்கிறது? சாக்கெட்டைத் திருப்பும் பல்சக்கரக் கைப்பிடியான ரேட்செட்டில் 72 பல் இருந்தால் 5 டிகிரி அசைவிலேயே அடுத்த பல் விழும். 24 பல்லுக்கு 15 டிகிரி வேண்டும். இன்ஜின் இடுக்கில் கை போகும்போது இந்த வித்தியாசம் தெரியும். சின்ன மோட்டார் சைக்கிள்களின் 10 மி.மீ. மரை ஸ்பார்க் பிளக்குக்கு 16 மி.மீ. பிளக் சாக்கெட். கார் சக்கர நட்டுக்கு பெரோடுவா என்றால் பெரும்பாலும் 21, ஹோண்டா என்றால் 19. அதற்கு அரை இஞ்ச் நீளக் கைப்பிடி தனியாக.

ஸ்க்ரூ டிரைவரில் பலர் கவனிக்காத ஒன்று. ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரிலும் இன்ஜின் பக்க மூடியிலும் இருக்கும் நட்சத்திர ஸ்க்ரூ, பிலிப்ஸ் இல்லை, ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்). தலையில் பெரும்பாலும் சின்னப் புள்ளி ஒன்று குத்தியிருக்கும். அதில் சாதாரண பிலிப்ஸை வைத்தால் முனை அடிவரை இறங்காது. திருப்பியதும் மேலே ஏறித் தலையைத் துருவிவிடும். "ஸ்க்ரூ மட்டம்" என்று திட்டுவோம், டிரைவர்தான் தப்பு. ஜேஐஎஸ் டிரைவர் பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் நன்றாகவே உட்காரும். ஆகவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஜேஐஎஸ் 2-ஆம் எண்.

கடையில் பிளையரை எடுத்தால் மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெட்டும் விளிம்பில் வெளிச்சம் தெரிந்தால் மெல்லிய கம்பியை அது வெட்டாது, மடக்கும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் அசையும் தாடையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், தலையாட்டினால் வைத்துவிடுங்கள். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) ஸ்பேனரைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் பையில் ஒரு 10 மி.மீ. போல்டோடு போங்கள். மாட்டிப் பார்த்து, லொடலொடவென்று ஆடினால் மேலே என்ன எழுதியிருந்தாலும் வேண்டாம்.

நம் காற்றுக்கு எந்த மேற்பூச்சு தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். கறுப்பு நிற சாக்கெட்டுகள் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும்; அந்தக் கறுப்பு எண்ணெயைப் பிடித்து வைக்கும் படலம் மட்டுமே. எண்ணெய் காய்ந்தால் குரோமுக்கு முன்பே துருப்பிடிக்கும். மிருதுவான ரப்பர் உறை போட்ட கைப்பிடி சில வருஷச் சூட்டில் பிசுபிசுக்கும். கொசு மருந்து தடவிய கையோடு பிடித்தால் இன்னும் சீக்கிரம். கெட்டிப் பிளாஸ்டிக்கோ மரமோ மேல்.

வைக்கும் முறைக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க நினைக்காதீர்கள். முரட்டுச் சாமான் சுவரில், நுணுக்கமான சாமான் அடைத்த பெட்டியில். சுத்தியல், ஹேக்சா, பைப் ரெஞ்ச், பாராங் கத்தி, பெரிய ஸ்பேனர் எல்லாம் சுவர்ப் பலகையில் தொங்கலாம். பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட், இரண்டு பக்கமும் நாலு விளிம்பும் பெயிண்ட் அடித்தது. விளிம்பை விட்டால் அங்கிருந்துதான் உப்பும். மழைச் சாரல் படும் வெளிச்சுவர் வேண்டாம், வீட்டோடு ஒட்டிய உள்சுவர் நல்லது. சுவருக்கும் பலகைக்கும் நடுவே 25 மி.மீ. கனத்தில் ரீப்பர் (மரச்சட்டம்) கொடுங்கள். காற்றும் போகும், கரையான் மண் கோடு போட்டு ஏறினால் டார்ச் அடித்துப் பார்க்கவும் முடியும். அடிவிளிம்பு தரையிலிருந்து 300 மி.மீ. மேலே நிற்கட்டும், வெள்ளம் வரும் ஊரென்றால் இன்னும் மேலே. செங்கல் சுவரென்றால் ஸ்க்ரூ ஏற்ற 6 மி.மீ. சுவர் பிளக், 400 மி.மீ.க்கு ஒன்று. பழைய லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பலகைச் சுவரில் ஸ்க்ரூ நடுச்சட்டத்தில்தான் ஏற வேண்டும். வெறும் பலகையில் ஏற்றினால் பைப் ரெஞ்சின் கனத்துக்கே பிய்த்துக்கொண்டு வரும்.

பாராங்கை உறையில் போட்டு மாட்டாதீர்கள். தோலும் மரமும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், தோலில் பதனிட்ட ரசாயனம் வேறு. வெளியே கொண்டுபோகும்போது மட்டும் உறை.

உளி, அரம், டிரில் பிட், வெர்னியர், சாக்கெட் செட் இவையெல்லாம் ரப்பர் விளிம்பு வைத்த, நான்கு பக்கமும் கிளிப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் போகட்டும். உள்ளே சிலிக்கா ஜெல். எவ்வளவு? 30 டிகிரியில், 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் நீர் இருக்கும். 25 லிட்டர் பெட்டிக்குள் அது வெறும் 0.6 கிராம். 100 கிராம் சிலிக்கா 20 கிராம் நீரை இழுத்த பிறகும் பெட்டிக்குள் ஈரப்பதத்தை 40 விழுக்காடு அளவில் வைத்திருக்கும். முப்பது தடவை திறந்து மூடினாலும் கணக்கு தாங்கும், பெட்டி கசியாத வரை. ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் பழையபடி வேலை செய்யும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு உண்டு, அதைச் சமையல் ஓவனில் வைக்க வேண்டாம். திறந்த போர்ச்சில், மூடி சரியாகப் பொருந்தாத தகர டூல்பாக்ஸில் சிலிக்கா போடுவது வீண். ஊரில் உள்ள ஈரம் முழுவதையும் அது உறிஞ்ச முடியாது.

துணி அலமாரியில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் டப்பாவைக் கருவிப் பெட்டியில் வைக்கவே கூடாது. அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. அடியில் தேங்கும் தண்ணீர் கெட்டியான உப்புநீர், ஒருமுறை கவிழ்ந்தால் அந்தப் பெட்டியோடு சரி. செட்டுடன் வரும் பெட்டியில் பஞ்சு ஒட்டியிருந்தால் பிய்த்து எறியுங்கள், அது நனைந்த பஞ்சாகவே இருக்கும்.

இரும்பு அலமாரி வைத்திருப்பவர்களுக்குச் சூடு நல்ல வழி. 27 டிகிரி, 85 விழுக்காடு ஈரம் உள்ள காற்றை 5 டிகிரி சூடாக்கினால் ஈரப்பதம் 65 அளவுக்கு இறங்கும். அலமாரிக்கான சின்ன ஹீட்டர் கம்பியோ, கிடைத்தால் பழைய 15 வாட் குண்டு பல்போ அடித்தட்டில் போதும். எல்இடி பல்ப் அந்த அளவு சூடு தராது.

எண்ணெயைப் பொறுத்தவரை டபிள்யூடி-40 தண்ணீரை விரட்டுவதற்கு நல்லது, காவலுக்கு அல்ல. பெரும்பகுதி ஆவியாகிப் போய் மெல்லிய படலமே மிஞ்சும். தையல் மெஷின் எண்ணெய் மூன்று சொட்டு துணியில் விட்டுத் துடைத்தால், பலகையில் தொங்குபவை இரண்டு மாதம் தாங்கும். வேர்த்த கையால் பிடித்திருந்தால் அன்றே துடையுங்கள், வேர்வையும் உப்புதான். நல்லெண்ணெய் காய்ந்து பசையாகும். தேங்காய் எண்ணெய் ஊசிப்போய் அமிலம் விடும். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயில் அமிலமும் நீரும் ஏற்கெனவே இருக்கின்றன, தோலுக்கும் ஆகாது. அரத்துக்கு எண்ணெயே வேண்டாம், வழுக்கும். சாக்பீஸ் தேயுங்கள், பல்லில் தூள் அடையாது.

ஆயுத பூசையில் ஸ்பேனருக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். ஈரச் சந்தனம் காய்வதற்குள் அடியில் வட்டமாகத் துரு பிடித்துவிடும். உளியின் வெட்டு முனையில் அந்த வட்டம் குழியாகவே நின்றுவிடும். முதல் நாள் எண்ணெய் துடைத்து, பொட்டைக் கைப்பிடியில் வையுங்கள், மறுநாள் துடைத்து மறுபடி எண்ணெய். சாமி கோபித்துக்கொள்ளாது.

ஏற்கெனவே துருப்பிடித்தவற்றுக்கு: பிசுக்கைச் சோப்பில் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் (கேக் சாமான் கடையில் கிடைக்கும்) கலந்து மூழ்க வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எடுத்து பிரஷ் போடுங்கள், லேசான துரு இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடும். பிறகு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, அலசி, ஹேர் டிரையரில் உடனே காய வைத்து, சூட்டோடு எண்ணெய். காயப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் ஆரஞ்சாகிவிடும். ஸ்பிரிங்கையும் அரத்தையும் ராத்திரி முழுக்க ஊறப் போடாதீர்கள். கெட்டிப்படுத்திய எஃகு அமிலத்தில் நேரம் கூடினால் ஹைட்ரஜனை உறிஞ்சி, பின்னால் சட்டென்று ஒடியும். குரோம் செதிலாக உரியத் தொடங்கிய ஸ்பேனருக்கு இந்த வைத்தியம் செய்ய வேண்டாம். உரிந்த விளிம்பு பிளேடு மாதிரி விரலைக் கிழிக்கும். அதைப் பழைய இரும்பு லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டு, அந்த ஒரு அளவை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.