லைன் வந்துச்சு, லைன் போச்சு

நேற்று விடிகாலையில் பெரியப்பா குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வாய்ஸ் போட்டார். "லைன் போயிடுச்சு. யாராச்சும் ஒடனே ஆளப் பாத்து அனுப்புங்கடா." அவ்வளவுதான். போட்டுவிட்டுப் போனைக் கட்டிலில் வீசிவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார். அவர் போன் அவர் பேசுவதற்கு மட்டும்தான், மற்றவர்கள் கூப்பிடுவதற்கு இல்லை. இது காவேரிப்பட்டணம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

ஒன்பது மணிக்கெல்லாம் மாந்தோப்பு வரப்பில் மூன்று வண்டி நின்றது.

முதலில் வந்தவர் லைன்மேன். அனுப்பியவர் நம் மாமா. லைன் என்றால் கரண்ட், அதில் அவருக்குச் சந்தேகமே வராது. லைன்மேன் பாவம், டீகூடக் குடிக்காமல் வந்திருக்கிறார். மோட்டார் ரூமைத் திறந்து பார்த்தால் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று பல்பும் ஜம்மென்று எரிகிறது. டெஸ்டர் வைத்துப் பார்த்தார், மூன்று பேஸும் உயிரோடு இருக்கிறது.

"லைன் இருக்குதுங்களே?"

"லைன் இல்லன்னு யாருங்க சொன்னது? லைன் போச்சுன்னுதான சொன்னேன்."

லைன்மேன் கொஞ்ச நேரம் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது வண்டியில் இரண்டு தடியர்கள். இவர்களை அனுப்பியது பெரிய அண்ணன். அவன் ஆந்திராப் பக்கம் லைனில் இருக்கிறான் அல்லவா, அவனுக்கு லைன் என்றால் வசூல். பத்தாயிரம் என்று நோட்டில் எழுதி, வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்து, நாளைக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வாங்குவது. அந்தத் தொழிலில் சொத்து என்பது கடையோ பெட்டியோ இல்லை, யார் எவ்வளவு பாக்கி என்று எழுதிய நோட்டுதான். லைனை விற்கிறேன் என்று ஒருவன் சொன்னால் நோட்டை விற்கிறான் என்று அர்த்தம். லைன் போயிடுச்சு என்றால் வசூலுக்கு விட்ட பையன் நோட்டோடு ஓடிவிட்டான் என்று அர்த்தம். "ஆளப் பாத்து அனுப்பு" என்பதற்கு அந்தத் தொழிலில் வேறு அர்த்தமே கிடையாது. வந்தவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு, "எவன்ணா?" என்று கேட்டார்கள். பெரியப்பா குனிந்து ஒரு உடைந்த பிவிசி பைப்பைத் தூக்கிக் காட்டினார்.

மூன்றாவது வண்டியில் வந்தவர் சொட்டுநீர் கடைக்காரர். அவரை யாரும் அனுப்பவில்லை. போன வருஷத்துப் பாக்கி கேட்க வந்தார். அன்றைக்குத் தேவைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் பெரியப்பா பில்டரைக் கழுவுகிறேன் என்று வால்வுகளை எல்லாம் மூடியிருக்கிறார். கழுவி மாட்டியவர் வால்வைத் திறக்காமல் சாப்பிடப் போய்விட்டார். மோட்டாரில் இருப்பது ஆட்டோ ஸ்டார்ட்டர், கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாகப் போட்டுவிடும். த்ரீ பேஸ் எத்தனை மணிக்கு வரும் என்று எவனுக்கும் தெரியாத ஊரில் அது இல்லாமல் விவசாயம் பண்ண முடியாது, வாஸ்தவம்தான். ஆனால் அதற்கு வால்வு திறந்திருக்கிறதா என்று பார்க்கக் கண் இல்லை. விடிகாலை லைன் வந்தது, மோட்டார் தானாக ஓடியது, தண்ணீருக்குப் போக வழி இல்லை, பைப் லைன் உடைந்துவிட்டது. லைன் வந்ததால்தான் லைன் போச்சு. லைன்மேனிடம் இதை விளக்கிச் சொன்னபோது அவர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

கடைக்காரர் பைப்பைத் திருப்பி அதில் அச்சடித்திருந்ததைப் படித்தார். நாலு கிலோ பைப், அதாவது நாலு கிலோ பிரஷர் வரைதான் தாங்கும். "பத்து மீட்டர் உயரத் தண்ணி ஒரு கிலோ பிரஷர். உங்க போர்ல தண்ணி நிக்கிறது முந்நூறு அடி. மோட்டார் ஐந்நூறு அடிக்குத் தள்ளும். மிச்சம் எரநூறு அடி, அறுபது மீட்டர், ஆறு கிலோ. மொத்தமா அடச்சு வெச்சா அதுக்கும் மேலயே போகும். நாலு கிலோ பைப் என்னங்க பண்ணும், பாவம்?" ஆறு கிலோ பைப் போடச் சொல்லி அன்றைக்கே அவர் தலைபாடாக அடித்துக்கொண்டாராம். விலை கூட என்று பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பில்டருக்கு முன்னால் பைபாஸ் வால்வு ஒன்று வைத்து, அதைக் கொஞ்சம் திறந்தே விட்டு, வேண்டாத தண்ணீரைத் தொட்டிக்கு விடச் சொன்னதும் நடக்கவில்லை. பிரஷர் கேஜ் மட்டும் இருக்கிறது. முள் இரண்டில் நின்றே பல மாதம் ஆகிறது, மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

உடைந்தது மெயின் லைனிலிருந்து சப் லைன் பிரியும் இடத்தில் உள்ள டீ, T எழுத்துப் போல மூன்று வாய் உள்ள இணைப்பு. புது டீ போடுவது கடையில் உட்கார்ந்து பார்த்தால் ஐந்து நிமிஷ வேலை. மண்ணுக்குள் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் பைப் புதைந்து கிடக்கும், ஒரு அங்குலம்கூட நகராது, டீயை எப்படிச் செருகுவது? இரண்டு பக்கமும் ஆளுக்கு இரண்டு மூன்று மீட்டர் பள்ளம் பறித்துப் பைப்பை மேலே தூக்கி வளைத்தால்தான் வாய் திறக்கும். பறித்தது யார் என்கிறீர்கள்? கை மடித்து வந்த அந்த இரண்டு பேர்தான். வந்த கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே.

பள்ளத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றி, பைப்பைத் துணியால் துடைத்து, ஆக்சா பிளேடில் நேராக அறுத்து, பிசிறு எடுத்து, உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் சொல்யூஷன். ஈரம் இருந்தால் ஒட்டாது. பைப்பின் வெளியே, டீயின் உள்ளே, இரண்டிலும் தடவ வேண்டும். கால் சுற்றுத் திருகிச் செருகி அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் பைப் மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். அப்புறம் ஒரு நாள் காய வேண்டும். பெரியப்பா ஒரு பீடி முடிகிறவரை காயவிடுவார். கடைக்காரருக்கு இது தெரியும், அதனால் மோட்டார் ரூம் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாக்கி வசூலுக்கும் அது உதவும்.

தண்ணீர் விடும்போதும் சப் லைன் கடைசியில் உள்ள பிளஷ் வால்வைத் திறந்து சேற்றை வெளியேற்றிவிட்டு, செடி வரிசையில் ஓடும் சின்னக் குழாய்களான லேட்டரல்களின் முனைகளையும் திறந்துவிட்டுத்தான் மூட வேண்டும். தக்காளிக்குப் போட்டிருப்பது இன்லைன். தண்ணீரைச் சொட்டவிடும் டிரிப்பர் குழாய்க்குள்ளேயே இருக்கும். மண் அடைத்தால் பிரித்துக் கழுவ முடியாது, வெட்டித்தான் எறிய வேண்டும். மாமரத்துக்கு இருப்பது ஆன்லைன். குழாயில் ஓட்டை போட்டு மேலே குத்துவது.

இந்த ஆன்லைனில் போன வருஷம் நடந்த கூத்து உங்களுக்கே தெரியும். "ஆன்லைன் டிரிப்பர் நூறு வாங்கிடு" என்று பெரியப்பா சின்னவனிடம் சொன்னார். அவனும் ஆன்லைனில் வாங்கினான். வந்தது மாடித் தோட்டத்துத் தொட்டிக்கு ஊற்றுகிற 4 எம்எம் செட். பன்னிரண்டு ஏக்கர் மாந்தோப்புக்கு! இப்போது அது பெரியம்மாவின் துளசி மாடத்தில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் இந்தப் பேச்சு நடக்கும்போது காலேஜில் இங்கிலீஷ் படிக்கும் சித்தப்பா பெண் ஒரு விஷயம் சொன்னாள். இந்த லைனுக்கெல்லாம் மூலம் லத்தீனில் லினும் என்கிற செடியாம். நம் ஊரில் ஆளி விதை என்று உடம்பு இளைக்கத் தின்கிறார்களே, அந்தச் செடிதான். அதன் நாரில் திரித்த நூலுக்கு லினியா என்று பேர். நூல் பிடித்து நேர் பார்த்ததில் கோடு லைன் ஆனது. அந்த நாரில் நெய்த துணி லினன். அந்தத் துணியை உடுப்புக்கு உள்பக்கம் வைத்துத் தைத்ததால் அதுவே லைனிங் ஆனது.

பெரியம்மா இதுவரை எந்த லைனிலும் தலையிடாமல் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். லைனிங் என்றதும் நிமிர்ந்தார். "அந்தத் தையக்காரி லைனிங் துணிய நனைக்காமலே தெச்சுட்டா. ஒரு தண்ணிக்கே உள்ள இருக்கிறது சுருங்கிப் போச்சு, மேல இருக்கிறது உப்பிக்கிட்டு நிக்குது. ராத்திரி ஊறப் போட்டு, காயவெச்சு, தேச்சுட்டு வெட்டணும்னு தெரியாதா?" அதோடு லத்தீன் முடிந்தது.

தாத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். காலையிலிருந்து எல்லாரும் லைன் போச்சு, லைன் போச்சு என்று கத்தியது அவருக்கு அரைகுறையாக விழுந்திருக்கிறது. திண்ணையிலிருந்து, "அது 1941-லயே போச்சேடா, இப்ப என்ன?" என்றார்.

அவர் சொன்னது ரயில். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் போட்ட சின்ன லைன், அகலம் இரண்டரை அடி. அடுத்த வருஷம் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒன்று போட்டார்கள். போர்க்காலத்தில் இரண்டையும் மூடிவிட்டார்கள். தாத்தா அதில் ஏறியதில்லை, அவர் அப்பா ஏறியிருக்கிறார். ரயில்காரர்கள் லைன் கிளியர் என்றால் வண்டி வரலாம் என்று அர்த்தம். லைன்மேன் லைன் கிளியர் வாங்கினால் கம்பியில் ஒன்றும் வராது என்று அர்த்தம். கிருஷ்ணகிரி ரயில் விஷயத்தில் நமக்குக் கிடைத்தது இரண்டாவது வகை லைன் கிளியர்.

தேர்தலுக்குத் தேர்தல் லைன் வருகிறது என்கிறார்கள். ஒரு மாவட்டத் தலைநகர், மாங்கூழ் கப்பல் ஏறிப் போகிறது, மனுஷன் ரயில் ஏற வேண்டுமானால் தர்மபுரிக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ் பிடிக்க வேண்டும். இந்தப் பொங்கலுக்கு அண்ணன் பிள்ளைகளை ஜோலார்பேட்டையில் யார் போய் அழைத்து வருவது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். போன தடவை போல வாய்ஸ் போட்டுவிட்டுப் போனை வீசிவிடாமல் எழுதிப் போடச் சொல்லுங்கள் பெரியப்பாவை.