ஃபில்டர் அறியாத கட்டற்ற மென்பொருள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் படங்களைத் திருத்த கிம்ப் என்ற கட்டற்ற மென்பொருள் வேண்டும் என்றார். அதன் தளத்திலேயே இறக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். "அண்ணா, அந்த சைட் பிளாக் ஆகியிருக்கு. வேற சைட்ல இருந்து இறக்கிட்டேன்."

எழுந்து போய்ப் பார்த்தேன். இன்ஸ்டாலரின் இரண்டாவது திரையில், பிரவுசரில் ஒரு டூல்பார் சேர்க்கச் சம்மதம் கேட்டு, டிக்கும் தானே போட்டு வைத்திருந்தது. கிம்ப் அப்படிக் கேட்காது. நிறுத்தச் சொன்னேன். என் போனில் அசல் தளத்தைத் திறந்து, அங்கே கொடுத்திருந்த ஷா-256 மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டை, அவர் இறக்கிய கோப்பின் மதிப்போடு ஒப்பிட எழுத்தெழுத்தாக வாசித்தேன். மொத்தம் 64 எழுத்துகள். முதல் நான்கிலேயே "இல்லண்ணா, இங்க வேற இருக்கு" என்றார். பாதுகாப்புக்கென்று அலுவலக இணையத்தில் வைத்த, தளங்களை வகை பார்த்துத் தடுக்கும் ஃபில்டர் அசலை மறித்து, ஒட்டுச் சேர்த்த நகலுக்கு வழிவிட்டிருந்தது.

தடுப்புப் பக்கத்தில் காரணம் ஒரே வரி: 'வகை: ஃப்ரீவேர், ஷேர்வேர்'. அதாவது இலவசமாகத் தருவதும், பயன்படுத்திப் பார்த்துப் பிறகு காசு கட்டச் சொல்வதும். தமிழில் நாம் இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று தெளிவாகப் பிரித்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்தக் குழப்பம் அப்படியே ஃபில்டரின் வகைப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை யாரும் படித்துச் சரிபார்க்கலாம் என்பதை அந்தப் பட்டியல் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஃபில்டரின் பயம் ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். 2013இல் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற மென்பொருள் பதிவிறக்கத் தளம் சில இன்ஸ்டாலர்களோடு வேறு மென்பொருள்களைக் கட்டித் தரத் தொடங்கியது. அந்த ஆண்டே கிம்ப் தன் விண்டோஸ் கோப்புகளை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. அப்போது மறித்தது நியாயம். 2016இல் தளம் கைமாறியதும் அந்த வழக்கம் நின்றது. ஆனால் ஒருமுறை குத்திய முத்திரையை யாரும் தேதி போட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு உண்மையில் வருத்தம் தருவது இதுதான்.

என்மேப் கதையும் அதே. எங்கள் சர்வர்களில் தேவையில்லாமல் திறந்து கிடக்கும் போர்ட்டுகளை, அதாவது வெளியிலிருந்து இணைய வழிவிடும் வாசல்களை, கண்டுபிடித்து மூடுவது என் வேலை. அதற்கு 1997 முதல் இருந்துவரும் கருவி அது. தளமோ 'ஹேக்கிங்' வகையில் கிடந்தது.

நெட்வொர்க் குழுவிடம் போனேன். அவர்களும் நல்லவர்கள்தான்; வகைப் பட்டியல் வெளியிலிருந்து வருகிறது, ஆயிரக்கணக்கான தளங்களை அவர்கள் எப்படித் தனித்தனியாகப் பார்ப்பார்கள்? கிம்ப் விவகாரத்தின் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகளையும் காட்டினேன்: மறிக்கப்பட்ட அசல் தளம், டூல்பார் கேட்ட நகல். பேசிக்கொண்டிருந்தவர் சற்று நேரம் பேசவில்லை. அன்று மாலையே கிம்ப் திறந்தது. வகையை மாற்றச் சொல்லி ஃபில்டர் நிறுவனத்துக்கும் எழுதினார்கள். என்மேப்புக்கு மட்டும் 30 நாள் விலக்கு. முடியும்போதெல்லாம் மறுபடி படிவம் நிரப்புகிறேன். 'காரணம்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும், அந்த மாதம் அதை வைத்து மூடிய போர்ட்டுகளின் எண்களை எழுதுகிறேன்.