லோகமகாதேவி வணங்கிய ஈசன்: பட்டடக்கல் தரிசனம்

கர்நாடகத்தில் பாதாமி, ஐஹொளெ, பட்டடக்கல் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சிற்பம் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் அம்மாவும் போனது சாமி கும்பிட. பட்டடக்கல் விருபாட்சர் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் அந்த ஈசனுக்குக் கோயில் எடுத்தவள் ஒரு ராணி, லோகமகாதேவி. புகுந்த வீடான சாளுக்கியருக்கு ஒரு காலத்தில் பகையாக இருந்த வீட்டிலிருந்து வந்தவள். அவளை நினைத்துக்கொண்டு அந்தச் சன்னிதியில் நிற்க வேண்டும் என்பது எனக்கு நாள்பட்ட ஆசை.

பாதாமியிலிருந்து பட்டடக்கல் சுமார் 22 கிலோமீட்டர். நேரே போகாமல் முதலில் மகாகூடம் போனோம். ஊற்று நீர் நிறைந்த புஷ்கரிணி, அதற்குள் சிறு மண்டபத்தில் முகலிங்கம். தண்ணீர் அவ்வளவு தெளிவு. அம்மா மூன்று முழுக்குப் போட்டுவிட்டுத்தான் மகாகூடேஸ்வரரைப் பார்க்க வந்தாள்.

லோகமகாதேவியின் கதைக்கு மகாகூடம் முக்கியமான இடம். சாளுக்கிய மன்னன் மங்களேசன் நாட்டிய கல்தூண் ஒன்று இங்கே இருந்தது. இப்போது அது விஜயபுரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கலச்சூரி அரசன் புத்தராஜனை வென்றதையும், கலச்சூரிகளின் செல்வம் கோயிலுக்குப் போனதையும் அந்தத் தூண் சொல்கிறது. காலம் கி.பி. 602 வாக்கில். கலச்சூரிகளுக்கே ஹைஹயர் என்று இன்னொரு பெயர். அதற்குப் பிறகு வந்த சாளுக்கிய மன்னன் விநயாதித்தன் செப்பேடுகளிலும், பணியவைத்த அரசர்கள் வரிசையில் பல்லவரோடு ஹைஹயரும் வருகிறார்கள். அந்த விநயாதித்தனின் பேரன் இரண்டாம் விக்கிரமாதித்தனுக்குத்தான் ஹைஹயர் வீட்டிலிருந்து பெண் வந்தது. ஒரு பெண்கூட இல்லை, கூடப்பிறந்த அக்கா தங்கை இரண்டு பேர்: லோகமகாதேவி, திரைலோக்கியமகாதேவி. இத்தனை பகைக்குப் பிறகு நடந்த சம்பந்தத்தை அரசியல் கல்யாணம் என்று சொல்ல நான் தயங்க மாட்டேன். தன் குலம் தோற்ற கதை கல்லில் நிற்கும் ஊருக்கு மருமகளாக வருவது லேசான காரியமா?

"ரெண்டு பேரையும் ஒரே எடத்துலயா குடுத்தாங்க?" என்று அம்மா கேட்டாள். வண்டியில் போகும்போது வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

பட்டடக்கல்லில் மலப்பிரபை வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. உத்தரவாகினி என்பதால் அந்தக் கரைக்கே தனிப் புனிதம். சாளுக்கியர் முடிசூட்டிக்கொண்ட ஊர் இது. கோயில்கள் ஒரே வளாகத்தில், புல்வெளி நடுவே, செம்மஞ்சள் மணற்கல்லில் நிற்கின்றன. 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். லோகமகாதேவியின் மாமனார் விஜயாதித்தன் கட்டிய சங்கமேஸ்வரரும் அங்கேதான். மற்றவற்றை வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டு நேரே விருபாட்சரிடம் போனோம்.

முதலில் நந்தி மண்டபம். பெரிய கறுப்புக் கல் நந்தி, எண்ணெய் ஏறிப் பளபளவென்று இருந்தது. நிமிர்ந்து விமானத்தைப் பார்த்ததும் அம்மா, "காஞ்சிபுரம் மாதிரியே இருக்கே" என்றாள். உண்மைதான். மூன்று தளம், நம்மூர் வகை விமானம், சுற்றிலும் மதில், மதிலை ஒட்டிப் பரிவாரச் சன்னிதிகள்.

காஞ்சிக்கும் இந்தக் கோயிலுக்கும் உள்ள உறவு யுத்தத்தில் தொடங்கியது. 642-இல் காஞ்சிப் பல்லவன் மாமல்லன் நரசிம்மவர்மன் சாளுக்கியர் தலைநகரான வாதாபியை, அதாவது இன்றைய பாதாமியைப் பிடித்தான். படை நடத்திப் போன பரஞ்சோதியார்தான் பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார். நூறு வருஷம் கழித்து விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். ஆனால் ஊரை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதை ஈசனுக்கே திருப்பிக் கொடுத்தான். இதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு காஞ்சியில் அதே கோயில் தூணில் இன்றும் இருக்கிறது. சிவன் சொத்தைத் தொடாத அந்த மனசை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

அந்த வெற்றியின் நினைவாகத்தான் லோகமகாதேவி இங்கே கோயில் எடுத்தாள். கிழக்கு வாசல் கல்வெட்டு அவளை, காஞ்சியை மூன்று முறை வென்ற விக்கிரமாதித்தனின் தேவி என்கிறது. கட்டிய சூத்திரதாரி, அதாவது தலைமைக் கட்டடக் கலைஞர், குண்டன் அநிவாரிதாசாரிக்குத் திரிபுவனாசாரி என்று பட்டம் கொடுத்ததையும் சொல்கிறது. சர்வசித்தி ஆசாரி என்ற இன்னொருவரைத் தென்திசைச் சூத்திரதாரி என்கிறது. ராணியின் வாழ்க்கை பற்றி நமக்குக் கிடைப்பது இந்தக் கல்வெட்டுகளும் கோயிலும்தான். அதுவே போதும் என்று எனக்குப் படுகிறது. புருஷனின் ஜெயத்தைக் கொண்டாட வெற்றித்தூண் நாட்டியிருக்கலாம். அவள் லிங்கம் பிரதிஷ்டை செய்து, லோகேஸ்வரர் என்று தன் பேரோடு அழைக்க வைத்தாள். விருபாட்சர் என்ற பெயர் அப்புறம் வந்தது.

உள்ளே போனதும் வெயில் காய்ந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் பழகியதும் தூண்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. ஒரு தூணில் ராவணன் சீதையைக் கொண்டுபோகிறான், ஜடாயு எதிர்த்து நிற்கிறார். வேறொன்றில் அம்புப் படுக்கையில் பீஷ்மர். கருவறைக்கு முன்னால் இரண்டு பக்கமும் பிள்ளையாருக்கும் துர்க்கைக்கும் சிறு சன்னிதிகள். கருவறையைச் சுற்றி வரும் பிராகாரத்தில், கல் சன்னல்களின் ஓட்டை வழியாகத்தான் வெளிச்சம் விழுகிறது. சுவரைத் தடவிக்கொண்டு சுற்றி வந்தோம்.

அர்ச்சகர் தீபம் காட்டினார். நாங்கள் தமிழ்நாடு என்று தெரிந்ததும், "பாடுங்கம்மா" என்று அம்மாவிடம் கைகாட்டினார். அம்மா ஒரு தேவாரம் பாடினாள். சின்னக் குரல்தான், ஆனால் அந்தக் கல் மண்டபம் அதை வாங்கிப் பெரிதாக்கித் தந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காரணம், இந்தக் கோயில் கல்வெட்டு ஒன்றில் லோகமகாதேவி பாடகர்களுக்கு விஜயாதித்தன் கொடுத்திருந்த உரிமைகளை உறுதிசெய்த செய்தி இருக்கிறது. மாமனார் கொடுத்ததை மருமகள் காப்பாற்றியிருக்கிறாள். பாட்டு நிற்கக் கூடாது என்று நினைத்த ஒருத்தியின் கோயிலில் அம்மா பாடினாள்.

வெளியே வந்து பக்கத்திலேயே இருக்கும் மல்லிகார்ஜுனர் கோயிலுக்குப் போனோம். தங்கை திரைலோக்கியமகாதேவி கட்டியது, திரைலோக்கியேஸ்வரம். அக்கா கோயிலைப் போலவே, அளவில் சிறியது. பட்டத்துக்கு வந்த இரண்டாம் கீர்த்திவர்மன் தங்கை பெற்ற பிள்ளை. அவன் காலத்துத் தூண் ஒன்று வளாகத்தில் நிற்கிறது. கங்கைக் கரையிலிருந்து வந்த ஞானசிவாசாரியார் நிறுத்தியது, ஆண்டு 754. அதில் அக்கா, தங்கை இருவர் பெயரும் அவர்கள் கட்டிய கோயில்களும் வருகின்றன. பிள்ளை யாருக்குப் பிறந்தது என்பதை வைத்து அரண்மனையில் அந்தஸ்து மாறும் காலம் அது. ஆனாலும் கல்லில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். ராஜ்யம் சீக்கிரமே ராஷ்டிரகூடர் தந்திதுர்க்கனிடம் போய்விட்டது.

திரும்பும் முன் அம்மா மறுபடி விருபாட்சரிடம் போய், லோகமகாதேவி பேருக்கு ஓர் அர்ச்சனை செய்யச் சொன்னாள். நட்சத்திரம் கேட்டதற்கு, "அவருக்கே தெரியும் சாமி, பேரை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

வரும் சிவராத்திரிக்குக் காஞ்சி கைலாசநாதரிடம் போகிறோம். அந்தக் கோயிலைக் கட்டிய பல்லவன் ராஜசிம்மனின் ராணி ரங்கபதாகை கட்டிய சிறு சன்னிதி அங்கே முன்பக்கம் இருக்கிறது. அவள் பேருக்கும் ஒன்று செய்ய வேண்டும், விக்கிரமாதித்தன் தூணையும் அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.