எனக்கு இடப்பக்கம் ஒரு வயலின்

அண்ணன் போய் மூன்று மாதம் ஆகிறது. கூடப்பிறந்த அண்ணன் இல்லை. 1984-ல் நான் கோடம்பாக்கத்துக்கு வயலின் வாசிக்க வந்ததிலிருந்து 22 வருடம், பிரசாத், ஏவி.எம்., விஜயா கார்டன் என்று எங்கே கால்ஷீட் போட்டாலும் ஒரே ஸ்டாண்டில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வாசித்தவர். என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம் இருக்கும்.

ஸ்டாண்ட் விஷயம் வெளியில் பல பேருக்குத் தெரியாது. ஆர்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் உட்காருவோம், இரண்டு பேருக்கும் முன்னால் ஒரே ஸ்டாண்ட், அதில் ஒரே நோட்ஸ் தாள். எங்கள் வரிசையில் வலப்பக்கம் சீனியரின் இடம், வரி இரண்டாகப் பிரிந்தால் மேல் வரி அவருக்கு. இடப்பக்கம் இருப்பவர் கீழ் வரியை வாசிக்க வேண்டும், பக்கம் திருப்ப வேண்டும், கண்டக்டர் வில் போக்கை மாற்றினால் பென்சில் எடுத்துக் குறிக்கவும் வேண்டும். அண்ணன் என்னைவிட 11 வயது மூத்தவர். ஆனாலும் முதல் நாளே என்னை வலப்பக்கம் உட்காரச் சொல்லிவிட்டார். "நீ வாசி தம்பி, தாளை நான் பாத்துக்கறேன்." பையனைச் சோதித்துப் பார்க்கிறார், நாலு நாளில் மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். மாற்றவே இல்லை.

தாளைப் பார்த்துக்கொள்வது சின்ன வேலை இல்லை. அந்தக் காலத்தில் பாடகர், கோரஸ், தபலா, எங்களைப் போன்ற ஸ்டிரிங்ஸ் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே டேக்கில் முடிக்க வேண்டும். நாலாவது நிமிடத்தில் ஒரு தாள் சரசரத்தால்கூட மைக் பிடித்துவிடும், பாட்டு மறுபடி முதலிலிருந்து. ரிகர்சல் நடக்கும்போதே அண்ணன் ஒவ்வொரு தாளின் கீழ் மூலையையும் லேசாக மடித்து நிமிர்த்தி வைத்துவிடுவார். டேக்கில் அந்த இடம் வரும்போது வில்லை விரல்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கட்டைவிரலை அந்த மடிப்புக்குள் நுழைத்து, தாளைத் தூக்காமல் நகர்த்துவார். நானே பக்கத்தில்தான் இருக்கிறேன், எனக்கே கேட்காது. ஸ்டாண்டில் ஒரு நடராஜ் பென்சிலை நூல் போட்டுக் கட்டி வைத்திருப்பார், கீழே விழுந்து சத்தம் வரக்கூடாது என்பதற்காக. வில்லைக் கீழே இழுக்கத் தலைகீழ் 'ப', மேலே தள்ள 'வி' என்ற ஆங்கில எழுத்து மாதிரி ஒரு கீறல். அவர் போட்ட குறி இருட்டில்கூடத் தெரியும்.

அவர் கர்னாடக சங்கீதத்திலிருந்து வந்தவர். கீழே சம்மணம் போட்டு, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி, ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்த்து வாசித்த கை, 20 வயதுக்கு மேல் நாற்காலியில் ஏறி, தோளில் வைத்து, ஜி-டி-ஏ-ஈ என்ற மேற்கத்தியச் சுருதிக்குப் பழக வேண்டியிருந்தது. இது எவ்வளவு கஷ்டம் என்று வாசிக்கிறவர்களுக்குத்தான் புரியும். கமகத்துக்கு வளைந்து பழகின விரல், நேராக ஒரு ஸ்வரத்தில் போய் நின்று அங்கேயே அதிர வேண்டும், அதுவும் பக்கத்தில் இருக்கும் 15 பேரோடு சேர்ந்து. வீட்டில் இரண்டு வயலின் வைத்திருந்தார், ஒன்று ஸ்டுடியோவுக்கு, இன்னொன்று அவருக்கு.

வந்த முதல் மாதமே நான் ஒரு தப்புப் பண்ணினேன். 24 பார் ரெஸ்ட், அதாவது 24 தாளக்கட்டு வாசிக்காமல் எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எண்ணிக்கொண்டே வந்தவன் எங்கேயோ ஒன்றை விட்டுவிட்டு, ஒரு பார் முன்னாடியே வில்லை வைத்துவிட்டேன். அமைதியான இடம், என் வயலின் மட்டும் தனியாகக் கேட்டது. டேக் போயிற்று. மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த டேக்கில், எங்கள் இடத்துக்குச் சரியாக ஒரு பார் இருக்கும்போது, அவருடைய வலது கால் பெருவிரல் என் இடது பாதத்தின் மேல் ஒரு தடவை தட்டியது. செருப்பெல்லாம் வெளியே விட்டுவிட்டுத்தான் ரெக்கார்டிங் தியேட்டருக்குள் போவோம், ஏசி குளிரில் அந்த விரல் சில்லென்று இருக்கும். அன்றைக்குத் தொடங்கினது. பின்னால் எல்லாருக்கும் ஹெட்போன் வந்து, காதுக்குள் கிளிக் டிக் டிக் என்று பாரை எண்ணிக் கொடுக்க ஆரம்பித்த பிறகும், அவர் தட்டுவதை விடவில்லை, நானும் கிளிக்கை நம்பி வில்லை எடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து கீபோர்டிலேயே ஸ்டிரிங்ஸ் வர ஆரம்பித்துவிட்டது. 7 மணி கால்ஷீட்டுக்கு ஆறரைக்கே போய் வயலினை அந்தக் குளிருக்குப் பழக்கி ட்யூன் பண்ணின நாளெல்லாம் குறைந்துகொண்டே வந்தது. இப்போது பெரிய படம் என்றால் புடாபெஸ்ட், ஸ்கோப்யே என்று வெளிநாடு போய்ப் பதிவு செய்கிறார்கள். அண்ணன் 2006-ல் நிறுத்திக்கொண்டார். அப்புறம் பரதநாட்டிய நிகழ்ச்சிகளுக்கு வாசித்தார், மறுபடி கீழே சம்மணம் போட்டு.

அவர் போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஸ்டுடியோவில் அவருடைய வயலினை நான் தனியாகக் கேட்டதே இல்லை. ஒரு ஸ்டாண்டில் இரண்டு வயலினும் ஒன்றாகக் கேட்டால்தான் வேலை தெரிந்தவர்கள் என்று அர்த்தம், பிரிந்து கேட்டால் யாரோ சரியில்லை. இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூடப் பிரிந்து கேட்கவில்லை. அவரை இவ்வளவு தெரிந்த எனக்கு, அவர் வாசிப்பு இப்படி இருக்கும் என்று யாரிடமும் எடுத்துச் சொல்ல வழி இல்லை. இது எனக்குத் தாங்கவில்லை.

16-ஆம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு எல்லாரும் கிளம்பின பிறகு அவருடைய மகள் போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக நினைவிருக்கிற ஒரு பாட்டு. "மாமா, இதுல அப்பா வயலின் எது?" என்று கேட்டது. 16 வயலின் சேர்ந்து வாசித்த பாட்டு. எதைக் காட்டுவேன்? தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பாட்டுக்கு நடுவில் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற இரண்டாவது பிஜிஎம் வந்தபோது சட்டென்று ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் தாளைக் கையால்தான் காப்பி எடுப்பார்கள். எங்கள் ஸ்டாண்டுக்கு வந்த தாளில், ரெஸ்டில் வர வேண்டிய திருப்பம் ஒரு நீளமான வரியின் நடுவில் வந்து விழுந்திருந்தது. மற்ற ஸ்டாண்டுகளில் அப்படி இல்லை. அண்ணன் இரண்டு பார் வாசிப்பதை விட்டுத்தான் திருப்ப முடிந்தது. ஏழு டேக் போனதால் எனக்கு அந்த இடம் அப்படியே பதிந்திருக்கிறது.

"நிறுத்து, கொஞ்சம் பின்னால போ" என்றேன். வரி மேலே ஏறுகிற இடத்தில் திரையைத் தொட்டுக் காட்டினேன். "இதோ, இங்கேருந்து இதுவரைக்கும் அப்பா வாசிக்கலைம்மா. எனக்காகப் பக்கம் திருப்பிட்டிருக்கார்."

அது போனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு பாரை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது.