நயினைக் கரையில் ஒரு பகல்

நெடுந்தீவில் பெரியம்மா வீட்டில் இரண்டு நாள் நின்றுவிட்டு யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆனி மாதம், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுப் பிடித்துவிட்ட காலம். லோஞ்சில் ஒரு மணித்தியாலம் ஆடிக் களைத்துப்போன எனக்கு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. இடப்பக்கம் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் கோபுரம் தெரிந்ததும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டா. பிறகு என்னைப் பார்த்தா.

"தம்பி, கொடியேறியிருக்கிற நேரம் அம்மாளைக் கடலில நிண்டு கும்பிட்டுப்போட்டுப் போறதே? இறங்கிப்போட்டுப் போவம்."

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் இறங்கி நயினாதீவுப் படகுக்கு மாறினோம். திருவிழா நாட்களில் அந்தத் துறையில் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஒன்றில் ஏறி, அதைக் கடந்து மற்றதற்குத் தாவ வேண்டும். அப்படித் தாவும்போதுதான் அம்மாவின் வலது செருப்பு இரண்டு படகுகளுக்கும் நடுவே விழுந்தது. குனிந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் ஒருமுறை மிதந்து, படகுக்கு அடியில் போய்விட்டது. "போனாப் போகுது, கோயிலுக்குள்ள செருப்போடயே போறது?" என்றா அம்மா. எனக்குத்தான் கோபம். புதுச் செருப்பு.

உள்ளே பலகையில் நெருக்கி இருந்தோம். டீசல் மணம், மல்லிகைப்பூ மணம், யாரோ மடியில் வைத்திருந்த வாழைப்பழச் சீப்பின் மணம். எங்களுக்கு முன்னால் வெள்ளை உடுத்த ஒரு சிங்களக் குடும்பம், நாகவிகாரை என்கிற புத்த கோயிலுக்குப் போகிறவர்கள். இந்தத் தீவில் இரண்டும் கிட்டக் கிட்ட இருப்பதால், வருகிறவர்களில் பலர் இரண்டு இடத்தையும் கும்பிட்டுவிட்டே போவார்கள். காற்று இடப்பக்கத்தால் அறைந்தது. ஒவ்வொரு அலைக்கும் சீலைத் தலைப்புகள் நனைந்தன, ஒவ்வொரு நனைவுக்கும் "அம்மாளாச்சி!" என்று ஒரு குரல். கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான். கோயில் கிழக்குப் பார்த்தது. அதனால் புங்குடுதீவுப் பக்கமிருந்து வருகிறவனுக்குக் கோபுரம் நேரே எதிரில் வளர்ந்துகொண்டே வரும்.

புளியந்தீவிலிருந்து பூவைக் கவ்விக்கொண்டு அம்பாளைப் பூசிக்கக் கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்த கதையை, முன்னாலிருந்த ஒரு சிறுமிக்கு அவளின் அப்பம்மா சொல்லிக்கொண்டு வந்தா. காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் ஒருவன் குறுக்கே நின்று பாம்பைக் காப்பாற்றினானாம். பாம்பு சுற்றிய கல்லும் கருடன் இருந்த கல்லும் இன்னும் கடலில் இருக்கின்றன. "கருடனுக்கு அண்டைக்குச் சாப்பாடு இல்லையா?" என்று சிறுமி கேட்டாள். அப்பம்மாவிடம் மறுமொழி இல்லை.

மதிய மணல் சுட்டது. அம்மா மிஞ்சியிருந்த ஒற்றைச் செருப்பைத் துறையடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு விறுவிறென்று நடந்தா. நான் மேற்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன். உள்ளே தவில் அதிர்ந்தது. யாரோ ஒருவர் நாகதோஷ நேர்த்திக்கு விரல் நீள வெள்ளி நாகம் ஒன்றை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தார். திரை விலகியபோது தீப ஒளியில் அம்பாள் முகத்தைவிட எனக்கு முதலில் தெரிந்தது அம்மாவின் முகம்தான். உதடு மட்டும் அசைந்தது. என்ன கேட்டா என்று நான் கேட்கவில்லை.

பிறகு அன்னதானப் பந்தி. மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். ஆபுத்திரன் கையிலிருந்த அந்தப் பாத்திரத்தை மணிமேகலை பெற்ற மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று எங்கள் ஊரில் நம்புகிறவர்கள் பலர். ஆராய்ச்சிக்காரர் அடிபடட்டும். இலையில் விழுந்த சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் கேள்வி கேட்க விடவில்லை. பக்கத்து இலையில் படகில் வந்த அதே சிங்களக் குடும்பத்து ஆச்சி. சோறு போதும் என்று அவ கையால் மறிக்க, பரிமாறிய பெடியன் சிரித்துக்கொண்டே இன்னொரு அகப்பை வைத்தான்.

நான்கு மணிப் படகில் திரும்பினோம். கச்சான் வாங்கிக் கொறித்தபடி குறிகட்டுவானில் இறங்கினால், கயிறு கட்டும் இரும்புக் கட்டையின் மேல் ஈரம் காய்ந்த ஒரு செருப்பு. படகுக்காரர் ஒருவர் எங்களைக் கண்டதும் கத்தினார்:

"அம்மா, உங்கட செருப்பு! கம்பு விட்டு எடுத்து வைச்சனான். மற்றது எங்க?"

அம்மா நயினைப் பக்கம் திரும்பிப் பார்த்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினவ, பஸ் வருமட்டும் நிறுத்தவில்லை.