லிஸ்பனில் உப்புமீனும் நீல ஓடுகளும்

கணவரின் வேலை காரணமாக லிஸ்பனில் குடியேறிய பிறகு, ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு நகரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்து சேர்ந்தது. 28-ஆம் எண் டிராமில் ஒரு முறை ஏறி, நகரின் பெலெம் பகுதியில் 1837 முதல் இயங்கிவரும் இனிப்புக்கடையின் வரிசையில் நின்று, ஜெரோனிமோஸ் மடாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறையைப் படம் எடுத்துவிட்டால் போதும் என்றே பெரும்பாலானோர் எண்ணி வருகிறார்கள். நானோ அவர்களை முதலில் உப்புமீன் கடைக்குத்தான் அழைத்துச் செல்கிறேன்.

பக்கல்யாவ் எனப்படும் அந்த உப்பிட்டு உலர்த்திய காட் மீன் போர்ச்சுக்கல் கடலில் கிடைப்பதில்லை. பெரும்பகுதி நார்வேயிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் வருகிறது. இருந்தும், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நியூஃபவுண்ட்லாந்து வரை கப்பல் ஓட்டிச் சென்று இதைப் பிடித்துவந்த மக்களுக்கு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் இது இல்லாத மேசை இல்லை. தூத்துக்குடியில் கருவாட்டு வாடைக்கு நடுவே வளர்ந்த எனக்கு அந்தக் கடைக்குள் நுழைந்ததுமே மனம் நிறைந்துவிடும். விறைத்துக் கிடக்கும் முழு மீனைக் கடைக்காரர் மின்வாளில் கொடுத்து, நாம் கேட்கும் அளவுக்குத் துண்டு போட்டுத் தருவார். தடித்த நடுத்துண்டுக்கு ஒரு விலை, வாலுக்கு ஒரு விலை. அதை ஒன்றிரண்டு நாள் குளிர்பதனப் பெட்டியில் தண்ணீரில் ஊறவைத்து, அவ்வப்போது தண்ணீரை மாற்ற வேண்டும். தோல் மேற்புறம் இருக்கும்படி வைத்தால்தான் உப்பு கீழே இறங்கும் என்று எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுப் பாட்டி எனக்குச் சொல்லித் தந்தார். அப்படி ஊறிய மீனை உதிர்த்து, வெங்காயம், மெல்லிய உருளைக்கிழங்கு வறுவல், முட்டை ஆகியவற்றோடு கிளறி, மேலே கொத்தமல்லியின் உறவான பார்ஸ்லியும் கறுப்பு ஆலிவும் தூவினால் பக்கல்யாவ் ஆ பிராஸ் தயார். நம் முட்டைப் பொடிமாஸை விரும்புகிறவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

உணவகங்களைப் பொறுத்தவரை, கதவருகே அன்றைய சாப்பாட்டைக் கையால் எழுதி ஒட்டியிருக்கும் சிறிய கடைகளே என் தேர்வு. உட்கார்ந்ததும் கேட்காமலேயே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி வந்து சேரும். உண்டால் காசு, தொடாவிட்டால் இல்லை என்பதை விருந்தினர்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இனிப்புகளில் முட்டையின் மஞ்சள்கரு நிறைந்து வழிகிறது. அந்தக் காலத்துக் கன்னியர் மடங்களில் துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக்கரு செலவானதால் மஞ்சள்கரு மிஞ்சியது என்று இங்கே காரணம் சொல்கிறார்கள். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் செய்யும் எங்கள் ஊர் மக்ரூனை நினைத்துக்கொண்டே நான் அதைக் கேட்டேன்.

எங்கள் தூத்துக்குடி அடங்கிய முத்துக்குளித்துறையின் மக்கள் 1530-களில் போர்ச்சுக்கீசியரோடு தொடர்புகொண்டு கிறிஸ்தவம் தழுவியவர்கள் என்பதால், இந்த நகரம் எங்களுக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. தமிழைப் போர்ச்சுக்கீசியப் பொருளுடன் ரோமன் எழுத்துகளில் அச்சிட்ட சிறுநூல் ஒன்று 1554-இல் இதே லிஸ்பனில்தான் வெளிவந்தது. கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே தம்பிரான் வணக்கம் என்ற நூல் அச்சானது அதற்குப் பின், 1578-இல். பெலெமுக்கு வரும் நம்மவர்கள் வாஸ்கோ ட காமாவை மட்டும் நினைத்துத் திரும்புவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சுவரோடுகளை, அதாவது அசுலேஜோக்களை, பழைய மாத்ரே டி டெயுஸ் மடத்தில் அமைந்த தேசிய அசுலேஜோ அருங்காட்சியகத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்கே சுமார் 23 மீட்டர் நீளத்தில், நீலமும் வெள்ளையுமாக, 1700 வாக்கில் வரையப்பட்ட லிஸ்பனின் ஆற்றங்கரை முழுவதும் விரிந்து கிடக்கிறது. 1755 நவம்பர் 1 அன்று நிலநடுக்கமும் கடல்கோளும் தீயும் அழித்த அரண்மனையையும் தேவாலயங்களையும் அதில் காணலாம். அதைப் பார்த்த கையோடு, கூரை இழந்து இன்றும் நிற்கும் கார்மோ மடத்துக்குப் போனால் அந்த இழப்பின் அளவு புரியும்.

மாலையில் நகரின் பழைய பகுதிகளான அல்ஃபாமாவிலோ மொராரியாவிலோ ஃபாடோ என்னும் பாடலிசையைக் கேட்கலாம். 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இந்த இசையில், விளக்கு மங்கியதும் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிடும். பன்னிரண்டு கம்பிகள் கொண்ட போர்ச்சுக்கீசியக் கிதார் முதலில் பேசத் தொடங்கும். பாடல் முடியும் வரை வாய் திறக்காமல் இருப்பதே பாடகருக்குச் செய்யும் மரியாதை.

இருப்பினும், எந்த மாதம் வரலாம் என்று கேட்பவர்களிடம் நான் ஜூன் என்றே சொல்கிறேன். 12-ஆம் தேதி இரவு, புனித அந்தோணியாரின் திருநாளை முன்னிட்டு, அல்ஃபாமாவின் ஒவ்வொரு சந்திலும் கரியடுப்பில் மத்தி மீன் சுடுவார்கள். அதை ரொட்டித் துண்டின் மேல் வைத்துக் கையால் உண்ணலாம். காகிதப் பூவும் நான்கு வரிக் கவிதையும் செருகிய மன்ஜெரிக்கோ என்னும் சிறுதுளசிச் சட்டிகள் அன்று எங்கும் விற்கும். அதன் அருகே மூக்கைக் கொண்டுபோகக் கூடாது, கையால் தடவிக் கையை முகர வேண்டும் என்பது இவ்வூர் வழக்கம். அந்த வாரத்தில் தங்குமிடம் கிடைப்பது கடினம் என்பதால், அடுத்து வரவிருக்கும் என் சித்தி குடும்பத்தாருக்குக் குளிர்காலத்திலேயே அறை பதிவு செய்துவிட்டேன்.